எந்தப் படத்துப் பாட்டு?

தமிழ்நாட்டில் ஒரு பாட்டுக்கு நேரக்கூடிய பெரிய அவமானம் எது என்று என்னைக் கேட்டால், யாரும் அதைக் கேட்காமல் போவதுதான் என்று சொல்ல மாட்டேன். கேட்கிறோம், தலையை ஆட்டுகிறோம், தொடையில் தாளம் போடுகிறோம், "பிரமாதம்!" என்று சொல்லவும் செய்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த வினாடியே, "எந்தப் படத்துப் பாட்டு?" என்று விசாரிக்கிறோமே, அதுதான் பெரிய அவமானம். "எந்தப் படத்துப் பாட்டும் இல்லை, தனிப் பாட்டு" என்று பதில் வந்தால் அப்போது நம் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! மாப்பிள்ளைக்கு உத்தியோகம் இல்லை என்று தரகர் சொன்னதும் பெண் வீட்டார் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றுமே, அதே வாட்டம். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பிரமாதமாக இருந்த பாட்டு, இப்போது 'பரவாயில்லை' ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வியோடு சண்டை போடுவதற்காகவே நான் இதை எழுத உட்கார்ந்தேன். சண்டைக்கு முதல் சாட்சியாக ஓர் அமெரிக்க நடிகரை அழைக்கிறேன். "உள்ளூர் வழக்குக்கு வெளியூர்ச் சாட்சியா?" என்று சிலர் முணுமுணுக்கலாம். உள்ளூர்ச் சாட்சிகளும் வெளியே காத்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக வருவார்கள்.

அந்த நடிகரின் பெயர் ஜோ கீரி. 2016-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி 2025 கடைசியில் முடிந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடரில் ஸ்டீவ் என்ற பாத்திரம் ஏற்றவர். 1980-களில் நடப்பதாக அமைந்த கதை அது. அவருடைய நடிப்பு எவ்வளவு பெயர் வாங்கியதோ, அவ்வளவு பெயரை அவருடைய தலைமுடியும் வாங்கியது. மேல்நோக்கி வாரிவிட்ட அந்தக் கிராப்பைப் பற்றிப் பத்திரிகைகள் தனியாக எழுதின. அப்பேர்ப்பட்ட முடியை உடையவர், பாடுவதற்காக மேடை ஏறியபோது என்ன செய்தார் தெரியுமா? அதன் மேல் ஒரு பொய்முடியைக் கவிழ்த்துக்கொண்டார்! கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'டி' எழுத்தை ஒட்டிக்கொண்டு, சொல்லும்போது வெறும் 'ஜோ'வாகவே ஒலிக்கும் ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டார்.

பாட்டைக் கேட்க வருகிறவர்கள் ஸ்டீவைப் பார்க்க வந்தவர்களாக இருக்கக் கூடாது. பாட்டு தன் காலில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் விழட்டும். இதுதான் அந்த வேஷத்தின் அர்த்தம். நடிகர்கள் பணத்துக்காக வேஷம் போடுவதைப் பார்த்திருக்கிறோம், புகழுக்காகப் போடுவதையும் பார்த்திருக்கிறோம். புகழை மறைப்பதற்காக வேஷம் போட்டவர் இவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடிப்பில் பெயர் வந்த பிறகு, 'பாட்டையும் ஒரு கை பார்ப்போம்' என்று கிளம்பியவர் அல்லர் இவர். சிகாகோ நகரில் கல்லூரியில் நாடகம் படித்தவர். அந்த நகரத்திலேயே 'போஸ்ட் அனிமல்' என்ற இசைக்குழுவில் நண்பர்களோடு சேர்ந்து வாசித்தவர். தொடர் வந்து ஆளை இழுத்துக்கொண்டு போனபின், தனியாகப் பாட்டுகளை உருவாக்கினார். முதல் தொகுப்பு 2019-ல் வந்தது, இரண்டாவது 2022-ல், மூன்றாவது 2025-ல். இரண்டாவது தொகுப்பில் 'எண்ட் ஆஃப் பிகினிங்' என்று ஒரு பாட்டு. 'தொடக்கத்தின் முடிவு' என்று தமிழில் சொல்லலாம். இளம் வயதில் வாழ்ந்த சிகாகோவுக்குத் திரும்பிப் போகும்போது, அங்கே விட்டுவந்த பழைய தன்னையே மறுபடி சந்திப்பதைப் பற்றிய பாட்டு. அது வெளிவந்தபோது ஊர் உலகம் ஒன்றும் கூத்தாடிவிடவில்லை. ஏறத்தாழ ஒன்றரை வருஷம் தொகுப்புக்குள் அடங்கிக் கிடந்தது. 2024-ல் டிக்டாக்கில் யார் யாரோ தங்கள் ஊர்க் காட்சிகளுக்கு அதைப் பின்னணியாக வைக்க, அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாட்டுப் பட்டியல்களின் முன்வரிசைக்கு ஏறியது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்குப் பாடுகிறவர் ஸ்டீவ்தான் என்று தெரியாது! தெரிந்தபோது ஆச்சரியப்பட்டார்கள். முதலில் பாட்டு, பிறகுதான் முகம். நாம் தலைகீழாகச் செய்யும் காரியம் அங்கே ஒரு தடவையாவது நேராக நடந்துவிட்டது.

என் மாலை நடைத் தோழர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிகாரி. வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் நடந்துகொண்டே எதையும் மறுத்துப் பேசுவது அவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்காத மருந்து. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "சார், அந்தப் பொய்முடியே ஒரு விளம்பரம்தானே? மறைக்கிறேன், மறைக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்" என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். விளம்பரத்தால் எட்டிப் பார்க்க வைக்கலாம். ஒன்றரை வருஷம் கழித்து, எட்டிப் பார்க்காதவனுடைய காதுக்குள் போய் உட்கார வைக்க முடியுமா? பின்னாளில் அவர் அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தம் சொந்த முகத்தோடேயே பாட வந்தார். பாட்டு நின்றுகொண்டுவிட்டது, ஊன்றுகோல் வேண்டியிருக்கவில்லை.

தோழரின் இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. "அவருக்கு நடிப்பில் சம்பாத்தியம் இருந்தது. ஒன்றரை வருஷம் என்ன, பத்து வருஷம்கூடக் காத்திருப்பார். வேலை வெட்டி இல்லாத பையன் காத்திருப்பானா?" என்றார். இதை நான் மறுக்கவில்லை. மறுக்காமலே எடுத்துக்கொண்டு போய் என் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். சற்றுப் பொறுங்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பாட்டுகளின் 'பழைய பாணி' என்ற சங்கதியைப் பார்த்துவிடலாம். 1970, 80-களின் மின்னிசைக் கருவிகளின் சாயல், அக்காலத்து ஒலிப்பதிவின் கதகதப்பு, பழைய ராக் இசையின் நடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவர் புதுப் பாட்டு செய்கிறார். மூன்றாவது தொகுப்பை நியூயார்க்கில் 'எலெக்ட்ரிக் லேடி' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கினார். கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தமக்காகக் கட்டி, 1970-ல் திறந்த கூடம் அது. பழைய பாணி என்றால் பழையவர்களுடைய தொழிலைக் கற்றுக்கொண்டு தன் சங்கதியைச் சொல்லுவது. பாட்டி செய்யும் வத்தக்குழம்பின் பக்குவத்தைப் பேத்தி கற்றுக்கொண்டு, தன் வீட்டு அடுப்பில் தானே செய்கிற மாதிரி.

நம் சினிமாவில் 'ரெட்ரோ' என்ற பெயரில் நடப்பது என்ன? பாட்டி செய்து வைத்த குழம்பையே எடுத்துச் சூடு பண்ணித் தங்கள் இலையில் ஊற்றிக்கொள்கிறார்கள்! கதாநாயகன் வருகிறான், சண்டை போடுகிறான், பின்னால் 40 வருஷத்துக்கு முந்திய பாட்டு ஒலிக்கிறது, கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கைதட்டல் யாருக்கு? 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் தம் பாட்டுகளை அனுமதியின்றி எடுத்தாண்டுவிட்டார்கள் என்று இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டப்படி யாருக்கு என்ன உரிமை என்று தீர்ப்புச் சொல்லுவது நீதிபதிகளின் வேலை. ரசிகன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு: பழசை இவ்வளவு நேசிக்கிறவர்கள், அதே பக்குவத்தில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி ஓர் இளைஞனை ஏன் கேட்பதில்லை?

இனி உள்ளூர்ச் சாட்சிகள்.

நடிகன் பாடித் தட்டில் பதிந்து, அந்தத் தட்டு வீடு வீடாகச் சுழல்வது தமிழனுக்குப் புதுமையா என்ன? செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா நாடக நடிகர். 1933-ல், 27 வயதில் மறைந்துபோனவர். ஒரு சினிமாவிலும் நடிக்காதவர். அவருடைய கிராமபோன் தட்டுகள், அவர் முகத்தையே கண்டிராத மனிதர்களை உருக்கின. நாடகப் பாட்டுகள்தாம் பல. இருந்தாலும் தட்டு சுழலும்போது அங்கே மேடை இல்லை, சரிகை உடுப்பு இல்லை, குரல் ஒன்றுதான் இருந்தது. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளின் குரலும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயிற்று. அப்போது நம் முன்னோர்கள் காதால் பாட்டுக் கேட்டார்கள்.

1938-ல் ஏவி.எம். செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடு தமிழுக்கு வந்தது. ஒருவர் வாயசைப்பார், இன்னொருவர் பாடுவார். நல்ல ஏற்பாடு, பாடத் தெரியாத நல்ல நடிகர்களுக்கும், நடிக்கத் தெரியாத நல்ல பாடகர்களுக்கும் வாழ்வு கொடுத்த ஏற்பாடு. அதனால் பிறந்த அற்புதமான பாட்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு ஒரு விபரீதமும் உள்ளே நுழைந்தது. டி. எம். சௌந்தரராஜன் தொண்டை நோகப் பாடினார். நாம் அதற்கு 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்று பெயர் வைத்தோம், 'சிவாஜி பாட்டு' என்று பெயர் வைத்தோம். பாடினவன், எழுதினவன், மெட்டமைத்தவன் மூவரும் பின்னால் போய், வாயசைத்தவன் முன்னால் வந்துவிட்டான். இன்றுவரை அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. அமெரிக்க நடிகர் தாமே பாடின பாட்டிலிருந்து தம் முகத்தை எடுத்து ஒளித்துவைத்தார். நாமோ பிறர் பாடின பாட்டையும் முகத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பழக்கம் இன்று யாரை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

சுருதி ஹாசன் நடிகை, இசை பயின்றவர், 2009-ல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு இசையமைத்தவர். 2024-ல் 'இனிமேல்' என்று படம் எதற்கும் சேராத ஒரு தனிப் பாட்டை இசையமைத்துப் பாடி வெளியிட்டார். வரிகள் அவருடைய தந்தை கமல் ஹாசனுடையவை. கூட நடித்தவர் டைரக்டர் லோகேஷ் கனகராஜ். நம் நாட்டில் எழுந்த பேச்செல்லாம் எதைப் பற்றி? லோகேஷ் நடிக்க வந்துவிட்டாரே என்பதைப் பற்றி! மெட்டு எப்படி, குரல் எப்படி, வரி எப்படி என்று பேசினவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நடிகை தன் சொந்த இசையைக் கொண்டுவந்து வைக்கிறாள். நாம் அதன் காகித உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் பண்டத்தை மறந்துபோகிறோம்.

'ஹிப்ஹாப் தமிழா' ஆதி எதிர்த் திசையில் வந்தவர். 2011, 2012-ல் தனிப் பாட்டுகளால் பெயரெடுத்தார். பிறகு சினிமாவுக்கு இசையமைத்தார். 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தில் கதாநாயகனாகவே ஆனார். சாய் அப்யங்கர் 2024-ல் 'கட்சி சேர', 'ஆச கூட' என்ற இரண்டு தனிப் பாட்டுகளால் நாடெங்கும் அறியப்பட்டார். மறுவருஷமே பெரிய படங்களின் இசையமைப்பாளர். இவர்கள் முன்னேறினார்கள் என்று சந்தோஷப்படுகிறேன். ஆனால் இந்த முன்னேற்றத்தின் திசை ஒன்றே ஒன்றாக இருப்பது ஏன்? தனிப் பாட்டு என்பது சினிமாக் கம்பெனி வாசலில் நீட்டும் விசிட்டிங் கார்டுதானா? அதுவே வீடாகாதா? 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெங்கும் ஒலித்தது. அந்தப் பாட்டிலிருந்து தமக்கு ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்று அதன் இசைக்குப் பொறுப்பான சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு புகழ்பெற்ற பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பெயரில்லாதவன் கதி என்ன?

"தமிழன் காதில் சினிமாவைத் தவிர வேறொன்றும் ஏறாது ஐயா, அது அவன் ஜாதகம்" என்கிறார்கள் சிலர். இதுதான் சுத்தப் பொய். ஆடி மாதத்தில் எங்கள் வேங்கிக்காலுக்கு வந்து பாருங்கள். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று விடியற்காலை நாலரைக்கே மைக் செட்காரர் வேலையை ஆரம்பித்துவிடுவார். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு தெருக்கோடிவரை கேட்கும். கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வந்து இறங்குகிறவரும் கேட்பார், வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரும் கேட்பார். பௌர்ணமி இரவு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் வழியெல்லாம் சிவன் பாட்டும் முருகன் பாட்டும் கேட்டுக்கொண்டே நடக்கிறார்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தமிழ்த் தெரு உண்டா? நாகூர் ஹனிபாவின் வெண்கலக் குரலைக் கேட்டு நிற்காத கால் உண்டா? இவற்றில் எதைக் கேட்டாவது யாராவது, "எந்தப் படம்? யார் கதாநாயகி?" என்று விசாரித்ததுண்டா? இல்லவே இல்லை! ஈஸ்வரியும் சௌந்தரராஜனும் சினிமாவில் பாடியவர்கள்தாம். இருந்தாலும் அந்தப் பாட்டுகளுக்கு முகம் தேவைப்படவில்லை, கொட்டகை தேவைப்படவில்லை. அரை நூற்றாண்டாகத் தேய்ந்தும் தேயாமல் நிற்கின்றன. ஆகவே காதில் கோளாறு இல்லை. சாமிக்குக் கொடுக்கிற காதை மனிதனுக்குக் கொடுக்க மறுக்கிறோம், அவ்வளவுதான்.

என் தெருவில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். இஞ்சினீயரிங் படித்தவன், கிதார் வாசிப்பான், சொந்தமாக வரி எழுதி மெட்டுப் போடுவான். ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் தன் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினான். ஓசூரில் வேலைக்குப் போனவன், கார்த்திகை தீபத்துக்கு ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னலில் மலை முதன்முதலாகத் தென்படும் நிமிஷத்தைப் பற்றிய பாட்டு. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கேட்டோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எந்தப் படத்துல வருது தம்பி?" அவன் சிரித்துக்கொண்டே, "இன்னும் வரல பெரியம்மா" என்றான். 'வரும்' என்று அவனும் நம்பினான், பாருங்கள்! அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கையில் இருக்கும் பாட்டு பாட்டில்லை, படத்தில் வந்தால்தான் பாட்டு என்று அதைப் பெற்றவனே நினைக்கும்படி அவனைப் பழக்கிவைத்திருக்கிறோம். இப்போது அவன் ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் இருக்கிறான். கிதார் இங்கே அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

மாலை நடைத் தோழரின் இரண்டாவது வாதத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்க நடிகருக்குச் சம்பாத்தியம் இருந்தது, காத்திருந்தார். எங்கள் தெருப் பையனுக்கு இல்லை, காத்திருக்க முடியவில்லை. முற்றிலும் உண்மை. அப்படியானால் காத்திருக்க முடியாதவனுக்காக யார் முந்திக்கொள்ள வேண்டும்? கேட்கிறவன்தானே? புகழும் பணமும் உள்ள நடிகன் தன் முகத்தை ஒளித்து வைத்துவிட்டு, "என் பாட்டைக் கேள்" என்று சொல்லுவது கௌரவமான காரியம். ஒளித்துவைக்க முகமே இல்லாதவன் பாட்டை, அவன் யாரென்று விசாரிக்காமலே கேட்பது அதைவிடக் கௌரவமான காரியம். அந்தக் காரியத்துக்குப் பணம் வேண்டாம், கூடம் வேண்டாம், பொய்முடியும் வேண்டாம்.

சிகாகோவைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. சிகாகோவைக் கண்ணாலும் பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் அதைத் தங்கள் சொந்த ஊரின் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். திருவண்ணாமலையில் மலைக்குப் பாட்டு உண்டு, மலையில் உறைகிறவருக்குப் பாட்டு உண்டு. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. மலையடிவாரத்தில் பிறந்து பிழைப்புக்காக வெளியூர் போனவனுக்கு ஒரு பாட்டு இருந்தது. அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம். இப்படி ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பரண்களோ!

நடிகர்கள் பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பாடட்டும். முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து பாடட்டும். தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து பாடட்டும். நல்ல பாட்டானால் கைகொட்டுவோம். கெட்ட பாட்டானால் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் எழுந்து போய்விடுவோம். அதே நியாயத்தை நட்சத்திரமாகாதவனுக்கும் கொடுப்போம். இனிமேல் ஒரு புதிய பாட்டுக் காதில் விழுந்து, மனத்துக்குப் பிடித்துப்போனால், நாக்கு நுனிக்கு வரும் அந்தப் பழைய கேள்வியை ஒரு தடவை விழுங்கிவிடுங்கள். கேட்டே தீர வேண்டுமென்றால், "யார் எழுதினது? யார் பாடினது? எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒருவன் எங்கேயோ மொட்டைமாடியில் காத்துக்கொண்டிருக்கிறான்.